தறியின் அச்சும் தொழுகையின் ஸஃப்பும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

கண்ணியத்துக்குரிய ஜமாஅத்தார்களே, இன்று ஷவ்வால் மாதத்தின் மூன்றாவது ஜும்ஆ. ரமழானின் கடைசிப் பத்தில் இந்தப் பள்ளிவாசலில் கால் வைக்க இடமிருக்கவில்லை. விறாந்தையில் பாய் விரித்தோம், முற்றத்தில் விரித்தோம், கேற்றுக்கு வெளியிலும் விரித்தோம். இன்று காலை ஸுபஹுக்கு ஒன்றரை ஸஃப்பு (வரிசை) நின்றது. இதைச் சொல்லி யாரையும் கடிந்துகொள்வதற்காக நான் மிம்பரில் ஏறவில்லை. பன்னிரண்டு மாதத்தையும் ஒரு மாதத்துக்குள் திணிக்கின்ற பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. தொழுகையில் மட்டுமல்ல, கொடுப்பதிலும் இருக்கிறது. கொடுப்பதில் அது யாரைத் தாக்குகிறது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை அஸருக்குப் பிறகு மருதமுனையில் ஒரு நெசவாளர் காக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். இந்தக் காக்கா வயது போயும் தறியை விடவில்லை. சாரன் நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு முக்காலியில் இருந்து பார்த்தேன்.

பாவு நூல் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கான இழைகள். ஒவ்வொன்றும் அச்சின் கண்ணுக்குள்ளால் வருகிறது. அச்சைப் பார்க்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: அது ஒரு நீண்ட சீப்பு மாதிரி, மேலும் கீழும் மூடிய சீப்பு. அங்குலத்துக்கு இத்தனை கண் என்று கணக்கு உண்டு. முன்பு நாணலிலும் மூங்கில் கீற்றிலும் செய்தார்கள், இப்போது உருக்கில் வருகிறது. அந்த அச்சு இல்லாவிட்டால் நூல் தானாக ஒழுங்கில் நிற்காது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் கூட்டமாகத் திரளும், இன்னொரு பக்கம் துணி சல்லடையாகிவிடும். ஒவ்வோர் இழைக்கும் அதன் இடத்தைக் காட்டிக் கொடுப்பது அச்சுதான்.

காக்கா எழும்பிப் போய், விற்காமல் ஒதுக்கி வைத்திருந்த ஒரு துண்டை எடுத்து வந்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அதில் இரண்டு கோடுகள் தெரிந்தன. ஒன்று நெடுக ஓடியது.

“அச்சில ஒரு பல்லு வளைஞ்சிருந்திச்சு மௌலவி. நான் கவனிக்கல்ல. மயிரளவுதான். துணி முடியிற வரைக்கும் அந்தக் கோடு வந்திட்டு.”

மற்றக் கோடு குறுக்கே இருந்தது. ஒரு விரல் அகலத்துக்குத் தடித்த பட்டை.

“இது காய்ச்சல் வந்து நாலு நாள் தறியில இருக்காம விட்டது. திரும்ப வந்து இருந்த உடனே கை பலமா அடிச்சிட்டு. கழுவினாலும் போகாது.”

நெடுகப் போனது இடத்தில் வந்த பிழை. குறுக்கே கிடந்தது நேரத்தில் வந்த பிழை. வீடு வரும் வரைக்கும் அந்த இரண்டு கோடும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

சகோதரர்களே, முதலில் இடத்தைப் பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள் ஸஃப்புகளை எவ்வளவு நுணுக்கமாக நேராக்கினார்கள் என்பதை நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அம்புத் தண்டைச் சீவி நேராக்குகிறவரின் கவனம் எப்படியோ, அப்படி. ஒரு நாள் தக்பீர் சொல்லப்போகும் தறுவாயில் ஒருவருடைய நெஞ்சு மட்டும் வரிசையை விட்டு முன்னுக்கு வந்திருப்பதைக் கண்டார்கள். கண்டும் காணாதது போலத் தொழுகையைத் தொடங்கிவிடவில்லை. ஸஃப்பை நேராக்காவிட்டால் உங்களுக்குள்ளேயே பிளவு வந்துவிடும் என்ற பொருளில் எச்சரித்தார்கள். உமர் (ரழி) அவர்கள் கலீபாவாக இருந்தபோது ஸஃப்புகளை நேராக்க ஆட்களை வைத்திருந்தார்கள். நேராகிவிட்டது என்ற செய்தி வந்த பிறகுதான் தக்பீர் கட்டினார்கள் என்று இமாம் மாலிக் அவர்களுடைய முவத்தாவில் காண்கிறோம். பெரும் ஆட்சியைக் கையில் வைத்திருந்த மனிதர், கடைசி ஸஃப்பின் ஓரத்தில் நிற்கும் ஒருவருக்காகக் காத்து நின்றார்.

ஏன் இவ்வளவு அக்கறை? நம் பள்ளியிலேயே பாருங்கள். நான் வசதிக்காகக் கால்களைக் கொஞ்சம் அகட்டி வைக்கிறேன். பக்கத்தவர் அரை அடி நகர்கிறார். அவர் நகர அடுத்தவர் நகர்கிறார். இப்படியே போய், ஸஃப்பின் ஓரத்தில் நின்ற பெரியவர் தூணுக்குப் பின்னால் போய்விடுகிறார். தன்னைத் தள்ளியது யார் என்று அவருக்குத் தெரியாது. தள்ளிய எனக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் பதினைந்து பேர் நிற்கிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், ஸஃப்பில் நாம் நிற்கும் அந்த இடைவெளி நம்முடைய சொத்தல்ல. அது பக்கத்தவருடைய ஹக்கு, அவருடைய உரிமை. 2020இல் கொரோனா வந்தபோது பள்ளிகளைப் பூட்டினோம். பிறகு திறந்தபோது தரையில் அடையாளம் ஒட்டி ஒரு மீற்றருக்கு ஒருவராக நின்றோம். தோளோடு தோள் நின்று பழகிய நமக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது! ஆனாலும் அன்றும் ஸஃப்பு கோணவில்லை. பக்கத்தவருடைய உயிர் தள்ளி நிற்பதில் இருந்தது, அதனால் தள்ளி நின்றோம். அது நெருங்கி நிற்பதில் இருக்கும்போது நெருங்கி நிற்கிறோம்.

கடற்கரையில் வாழும் நமக்கு இடைவெளி என்ற சொல் இன்னொன்றையும் நினைவூட்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். இலங்கையில் அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் நம்முடைய அம்பாறை. 10,000 பேருக்கு மேல். மௌத்தானவர்களை அல்லாஹ் ஷுஹதாக்களாக ஏற்றுக்கொள்ளட்டும். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் எத்தனை மீற்றர் விடுவது என்ற பேச்சு அதற்குப் பிறகு எழுந்தது. வடக்கு, கிழக்குக்கு 200 என்றார்கள், தெற்குக்கு 100 என்றார்கள், பிறகு நம்முடைய கரையில் 65 என்று வந்தது. மருதமுனையில் அந்த எண்ணே ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராகிவிட்டது.

நான் சொல்ல வந்தது அந்தப் பேச்சுக்கு முந்திய நாட்களைப் பற்றி. முதல் இரண்டு கிழமையும் நிவாரண லொறிகள் பிரதான வீதியில் வந்து நின்றன. ஓடக்கூடியவன் ஓடினான். ஒருவன் கையில் நாலு பொதி இருந்தது. உள்ளே, பாடசாலைக் கட்டடத்தில் கால் முறிந்து கிடந்தவருக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. ஒரே நாளில் ஐந்து இடத்துச் சாப்பாடு வந்து பழுதாகும், அடுத்த நாள் பிள்ளைகளுக்குப் பால்மா இல்லை. சில மாதம் போக லொறிகளும் நின்றுவிட்டன. கொடுத்தவர்களுடைய மனதில் ஒரு குறையும் இருக்கவில்லை. தூர ஊர்களிலிருந்து, மதம் பார்க்காமல், கண்ணீரோடு கொண்டு வந்தார்கள். அவர்களுக்காக இன்றும் துஆச் செய்கிறேன். நூல் ஏராளமாக இருந்தது. அச்சு இருக்கவில்லை.

நெற்காணி உள்ளவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். சேனநாயக்க சமுத்திரக் குளத்திலிருந்து வாய்க்காலில் தண்ணீர் திறந்தால், மேலே இருப்பவர் வயலில் தண்ணீர் தளும்பும். கீழே, கடைசியில் இருப்பவர் வயல் வெடிக்கும். 1981ஆம் ஆண்டு சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைவு. கல்லோயா இடதுகரையில் மேல்வாய்க்கால் விவசாயிகள் ஒன்றுகூடி, சிரமதானமாக வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். தங்கள் முறை முடிந்ததும் தங்கள் கதவைத் தாங்களே பூட்டிக் கீழுக்கு விட்டார்கள். மேலே இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்களவர்கள். கடைசி வயல்களில் தமிழ் பேசும் விவசாயிகளும் இருந்தார்கள். அந்த வேலையில் கூட இருந்த கோர்னெல் பல்கலைக்கழகத்து நோர்மன் அப்ஹொஃப் என்பவர் அதைப் பற்றி ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். அந்த நாட்களில் நாட்டில் இனங்களுக்கு நடுவில் எப்படிப்பட்ட காற்று அடித்தது என்பது வயது போனவர்களுக்குத் தெரியும். அந்தக் காற்றிலும் அந்த மனிதர்கள் கதவைப் பூட்டிக் கீழுக்குத் தண்ணீர் விட்டார்கள்.

முறை என்று சொன்னேன். நம்முடைய தமிழில் அந்தச் சொல்லைக் கவனியுங்கள். என் முறை வந்தது என்கிறோம். முறையாகச் செய் என்கிறோம். முறைகேடு என்கிறோம். அவர் எனக்கு மாமா முறை என்கிறோம். வரிசையும், நீதியும், உறவும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. இந்தக் கரையோரமாக மருதமுனையிலிருந்து தெற்கே போனால் பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று நம்முடைய ஊரும் தமிழ்ச் சகோதரர்களுடைய ஊரும் பாவு இழைகள் போல மாறி மாறி வருகின்றன. நமக்கு முறை என்ற சொல் வீட்டுக்குள்ளே மட்டும் நின்றுவிடக் கூடாது.

இனி நேரத்துக்கு வருவோம்.

தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று அல்லாஹ் சூரத்துன் நிஸாவில் சொல்கிறான். இதில் ஒரு சிறிய விஷயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆசை. கல்முனையில் மஃரிப் பாங்கு கொழும்பைவிட ஏறக்குறைய 8 நிமிடம் முந்திக் கேட்கும். பூமி ஒரு பாகை சுற்ற 4 நிமிடம் எடுக்கிறது. நாம் கொழும்புக்குக் கிழக்கே ஏறக்குறைய இரண்டு பாகை தள்ளி இருக்கிறோம். நாம் ஸலாம் கொடுத்து எழும்பும்போது அங்கே பாங்கு தொடங்குகிறது. அதற்கு மேற்கே இன்னோர் ஊர், இன்னோர் ஊர். பூமி சுற்றச் சுற்ற ஒரு வக்து, ஒரு தொழுகை நேரம், ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கிறது.

ஒரு நாளை ஐந்தாக வெட்டினால் 4 மணித்தியாலம் 48 நிமிடத்துக்கு ஒரு தொழுகை வர வேண்டும். அல்லாஹ் அப்படி வைக்கவில்லை. ஸுபஹுக்கும் லுஹருக்கும் நடுவில் ஏறக்குறைய ஏழு மணித்தியாலம் இருக்கிறது. வயலுக்கும் கடைக்கும் கந்தோருக்கும் அது வேண்டும். இஷாவிலிருந்து ஸுபஹு வரைக்கும் ஏறக்குறைய ஒன்பது. உடம்பு உறங்க வேண்டும். அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம்தான். வேலை முடிந்து, மனிதன் அலுத்து, மனம் அங்குமிங்கும் அலைகின்ற அந்த மாலையில் தொழுகைகளை அவன் நெருக்கி வைத்திருக்கிறான்.

மருதமுனைக் காக்கா இதையும் எனக்குத் தறியிலேயே காட்டித் தந்தார். அச்சின் நடுப்பகுதியில் கண்ணுக்கு இரண்டு இழை. துணியின் கரை வருகிற இடத்தில் மட்டும் கூடுதலாக இழை கோர்த்திருந்தார். ஏன் என்று கேட்டேன். “இழுவை எல்லாம் கரையிலதானே மௌலவி. கரை அறுந்தா துணி பிரிஞ்சிரும்” என்றார். சமமாகக் கொடுப்பது என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தாங்க முடியாத இழுவை எங்கே விழுகிறதோ அங்கே கூடுதலாகக் கோர்ப்பதும் அந்தச் சமத்துக்குள் அடக்கம். நம்முடைய ஊரின் கரையில் நிற்பவர்கள் யார்? விதவைகள், அநாதைகள், படுக்கையில் கிடப்பவர்கள், வெளிநாட்டுக்குப் போன உம்மாவின் பிள்ளைகள்.

நல்ல காரியத்துக்கும் இடைவெளி வேண்டும் என்பது நம்முடைய மார்க்கத்தில் புதிய விஷயமல்ல. இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் வியாழக்கிழமைகளில் மட்டும் உபதேசம் செய்வார்கள். தினமும் செய்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். மக்களுக்குச் சலிப்பு வந்துவிடும் என்பதற்காக நபி (ஸல்) அவர்கள் நாட்களை விட்டு விட்டு உபதேசித்தார்கள், அதையே நானும் செய்கிறேன் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்கள் இளைஞராக இருந்தபோது ஒவ்வொரு நாளும் நோன்பு பிடித்து இரவெல்லாம் நின்று வணங்கினார்கள். நபி (ஸல்) அவர்கள் மாதத்தில் மூன்று நாள் போதும் என்றார்கள். அவர் இன்னும் கேட்க, கடைசியாக தாவூத் (அலை) அவர்களுடைய நோன்பைக் காட்டிக் கொடுத்தார்கள்: ஒரு நாள் நோன்பு, ஒரு நாள் இல்லை. அதற்கு மேல் சிறந்தது இல்லை என்றும் சொன்னார்கள். முதுமையில் அந்த ஸஹாபி, நபியவர்கள் முதலில் தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று ஏங்கினார்கள். இரண்டு செய்திகளும் புகாரியில் இருக்கின்றன.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

பெருநாள் முடிந்து பத்தாம் நாள் என் மனைவியோடு ஒரு சகோதரியின் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை மௌத்தாகி மூன்று வருடம், மூன்று பிள்ளைகள். வீட்டைச் சொல்ல மாட்டேன், நீங்களும் தேட வேண்டாம். ரமழானில் அவருக்கு ஏழு உலருணவுப் பொதி கிடைத்திருந்தது. ஏழு வேறு வேறு நல்ல மனிதர்கள் கொடுத்தது. சீனி மட்டும் 14 கிலோ வந்திருக்கிறது. குசினி மூலையில் கோதுமை மாப் பைகள் அடுக்கியிருந்தன. ஒன்றில் வண்டு விழுந்துவிட்டது. அரித்துக்கொண்டிருந்தார். பேரீச்சம்பழப் பெட்டியைச் சுற்றி எறும்பு வராமல் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வைத்திருந்தார். மூத்த பிள்ளைக்குச் சப்பாத்து இல்லை.

“சீனியில பத்துக் கிலோவக் கடையில குடுத்திட்டன், பாதி விலைக்கு. கரண்ட் பில் கட்டணும்” என்று என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார், ஏதோ பிழை செய்தவரைப் போல. “இனி அடுத்த நோன்புக்குத்தானே வரும்” என்றார்.

அவர் தலையைக் குனிந்ததை என்னால் தாங்க முடியவில்லை. தலை குனிய வேண்டியது நாம். இந்த ஊர் அவருக்குக் கொடுத்தது குறைவில்லை. ஒரு மாதத்தில் ஏழு பேர் கொடுத்தோம், பதினொரு மாதம் ஏழு பேரும் மறந்தோம். குறுக்கே விழுந்த தடித்த பட்டை அதுதான்.

யூஸுஃப் (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். ஏழு வருடம் நல்ல விளைச்சல், ஏழு வருடம் பஞ்சம் என்று அரசனுடைய கனவுக்கு விளக்கம் சொன்னார்கள். அதோடு நிறுத்தவில்லை, அறுவடை செய்ததைக் கதிரோடு விட்டு வையுங்கள், சாப்பிடுவதற்குக் கொஞ்சம் மட்டும் எடுங்கள் என்று வழியும் சொன்னார்கள். நல்ல வருடத்தின் தானியத்தைக் கெட்ட வருடத்துக்குப் பரப்பிக் கொடுத்தார்கள். பெரும்போகத்தில் நாம் களஞ்சியம் நிறைத்து வைப்பதும் அதற்காகத்தானே. நம்முடைய வீட்டு நெல்லுக்கு நமக்குத் தெரிந்த கணக்கை, அந்தச் சகோதரியின் வீட்டு நெல்லுக்கு ஏன் போட மறந்தோம்?

“மௌலவி, ரமழானில் கொடுத்தால் நன்மை கூட” என்று நீங்கள் சொல்வீர்கள். அது நல்ல ஆசை. நபி (ஸல்) அவர்கள் ரமழானில் மற்ற மாதங்களைவிட அதிகமாக வாரி வழங்கினார்கள் என்பது ஸஹீஹான செய்தி. ஸதகாவை ரமழானில் கூட்டிக் கொடுங்கள், நான் ஒரு சதத்தைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. மற்ற மாதங்களில் நபியவர்களுடைய கை மூடியிருக்கவில்லை என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

ஸகாத்தைப் பற்றிச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் குழப்பம் இருக்கிறது. கடமையான பிறகு காரணமில்லாமல் பிந்தக் கூடாது. ஆனால் முந்தலாம். அப்பாஸ் (ரழி) அவர்கள் வருடம் பூர்த்தியாக முன்பே ஸகாத்தைக் கொடுக்கலாமா என்று கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஸகாத் கடமையாகும் நிஸாப் அளவு கையில் இருப்பவர் அந்த வருடத்து ஸகாத்தை முற்படுத்திக் கொடுக்க நம்முடைய ஷாஃபி மத்ஹபிலும் இடமுண்டு. ஆகவே அடுத்த ரமழானில் உங்களுக்கு 60,000 ரூபாய் ஸகாத் வரும் என்று வையுங்கள். இந்த ஷவ்வாலிலிருந்தே மாதம் 5,000 கொடுத்து வரலாம். ரமழானில் கணக்குப் பார்த்து, குறைந்ததைச் சேர்த்துக் கொடுங்கள். சீனியாக வேண்டாம், காசாகக் கொடுங்கள். அந்த வீட்டில் என்ன இல்லை என்பது அந்த வீட்டுக்காரிக்குத் தெரியும்.

தொழுகைக்குப் பிறகு பள்ளி அலுவலக மேசையில் ஒரு கொப்பி இருக்கும். பன்னிரண்டு கோடு போட்டிருக்கிறோம், முஹர்ரம் முதல் துல்ஹஜ் வரைக்கும். ரமழான் கோடு ஏற்கெனவே நிரம்பிவிட்டது, அதில் யாரும் எழுத வேண்டாம். ஸஃபரும், ரஜபும், துல்கஃதாவும் வெறுமையாகக் கிடக்கின்றன. பெயர் எழுத விரும்பாதவர்கள் மாதத்தையும் தொகையையும் மட்டும் எழுதுங்கள். ஆயிரம் ரூபாய் என்றாலும் எழுதுங்கள். பெறுகிறவர்களுடைய பட்டியல் அந்தக் கொப்பியில் இல்லை; அதை மூன்று பேர் மட்டும் பார்ப்பார்கள், பள்ளிக்கு வெளியே அது போகாது.

மோதினார் இகாமத்துக்கு எழும்புகிறார். ஸஃப்பை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கட்டி வாருங்கள், கால்களை அளவோடு வையுங்கள். ஓரத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அந்தப் பெரியவர் தூணுக்குப் பின்னால் நின்றால் சொல்லுங்கள், எல்லோரும் ஒரு விரலளவு நகர்வோம். அவர் முன்னுக்கு வரும் வரைக்கும் நான் தக்பீர் கட்டாமல் நிற்கிறேன்.